ஏழாங் கேள்வி

'தடைசெய்யப்படாத மாற்று மருந்து உண்டாயின்
அதை ஏன் பாவிக்கவில்லை?'
டொக்டர் ஷிஃபானா பேனையை மூடிவைத்தார்.
அக்கரைப்பற்று ஆஸ்பத்திரி, செவ்வாய்க் கிளினிக்.
வெளி வாங்கில் கொப்பிகளோடு நூறு பேர்.
'என்னத்தகா எழுதுற இதுக்கு?' என்றார்,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

எனக்குத் தெரிந்ததெல்லாம் எண்ணூறு மீற்றர்.
திருக்கோவில் கடற்கரையில்
ஈர மணலால் போய்ச் சுடுமணலால் வருவது.
இரண்டாம் சுற்றில் கிறுகும்போது
பின்னால் வருவது ஆரென்று
மூச்சை வைத்தே சொல்லிவிடுவேன்.
மற்றது, என் தொடையில்
எந்த விரலகலத்தில் நேற்றுக் குத்தினேன் என்பது.

பதினொரு வயதில்
பள்ளிக்கூடக் குழாய்த் தண்ணீர் முழுவதையும்
குடித்து முடிக்கப் பார்த்தேனாம்.
மூன்றாம் நாள் பேச்சில்லை, மூச்சில் பழ வாசம்.
அன்றிலிருந்து நாளைக்கு நாலு ஊசி.
கரண்ட் போகும் நாட்களில்
ஐஸ் வாடிக்காரர் மீன்பெட்டிக்குப் போட்டது போக
எனக்கும் ஒரு துண்டு உடைத்துத் தருவார்.
என் மருந்துக்குக் கொஞ்சம் சூரை மணம் உண்டு.

தடைப்பட்டியலைக் கோச் புவிராஜா போனில் காட்டினார்.
நெஞ்சுவலிக்காரரின் மாத்திரை ஒன்றுக்குப் பக்கத்தில்
இன்சுலின்,
வகுப்பு மாறி வந்து இருந்துவிட்ட பிள்ளைபோல.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
'ஒரு வருத்தமும் இல்லாதவங்க களவாப் போடுறாங்க புள்ள.
அதால நீ கேட்டுத்தான் போடணும்.'

கேட்டேன்.
கேட்பதற்கு முதலில் வருத்தம் இருப்பதை நிரூபிக்க வேண்டும்.
முதன்முதல் வாட்டில் தந்த டிக்கட்டைக்
கறையான் தின்றிருந்தது.
புதிதாய் இரத்தம் எடுத்தார்கள். முடிவு நல்லாய் வந்தது.
இவ்வளவு கட்டுப்பாட்டில் இருக்கிறதே என்று
கொழும்பிலிருந்து ஒரு கேள்வி திரும்பி வந்தது.
கட்டுப்பாடு ஊசியால் வந்ததென்று
ஊசிக்கு அனுமதி கேட்கும் கடதாசியில் எழுதினோம்.

ஏழாவதுக்கு டொக்டர் முதலில் எழுதியது: 'இல்லை.'
மறுகா அதை வெட்டினார்.
வாங்கில் இருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
'மாற்றை ஒருமுறை பாவித்துப் பார்த்தாயிற்று,
பதினொரு வயதில், மூன்று நாட்கள்.'
முத்திரையைச் சரிவாகக் குத்தினார்.

அனுமதி வந்தது, நாலு வருடத்துக்கு.

கொழும்பில் நான் நாலாவது.
சிறுநீர் எடுக்க முதல் மூன்று பேரையும் கூட்டிப் போனார்கள்.
கடிதத்தைப் பொலித்தீன் உறையில் பிடித்தபடி
அந்த நீலச் சட்டைப் பெண்ணுக்கு முன்னால்
இரண்டு தரம் நடந்தேன்.
கேட்கவேயில்லை.
ஏறாவூர் றிஸ்மினாதான், கையில் தண்ணீர்ப் போத்தலோடு
கிறுகிப் பார்த்து,
'ஊசியும் போட்டு நாலாவதா?' என்றாள்.
பகிடி.
பகிடிதான் என்று பஸ் ஏறும்வரை சொல்லிக்கொண்டேன்.

பதினெட்டு வளைவும் இறங்கி
மஹியங்கனையில் தேத்தண்ணிக்கு நிற்கையில்
சட்டை விளிம்பை விரலகலம் தூக்கி
இரவு ஊசியைக் குத்தினேன்.
எதிர்ச் சீட்டில் ஒரு மேசன், சம்மாந்துறைக்காரர்,
சீமெந்து வெடித்த கைகள்,
கண்ணை எடுக்கவில்லை.
என்ன நினைத்தேனோ, கடிதத்தை நீட்டினேன்.

போன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டினார்
என் பெயரை, மருந்தை, அளவை,
அடியில் இருந்த திகதியை.
விரல் அதிலேயே நின்றது.
'நாலு வருசம்' என்றார்.
பஸ் கிளம்பியது.
'மறுகா?'